எழுத்தை நம்பிப் பிழைக்க நினைப்பவர்களுக்கு

பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்து, கல்லூரி ஆண்டு மலரில் ஒரு கவிதை வந்து, அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஆன பிறகும் ராத்திரி எல்லாரும் தூங்கியதும் எதையாவது எழுதாமல் இருக்க முடியாதவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்காவது ஒரு கட்டத்தில் இதையே தொழிலாக வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். வீட்டில் சொன்னால் "எழுதி என்னத்தச் சம்பாதிக்கப் போற?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குத் திடமான பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வீட்டில் பேச்சே வேறு மாதிரி போகும். அந்தப் பதிலைத் தயார் செய்யும் வழியைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. தமிழில் எழுத்தாளருக்கு ராயல்டி பொதுவாகப் புத்தக விலையில் 10 சதவீதம், சில இடங்களில் அதற்கும் குறைவு. 200 ரூபாய்ப் புத்தகம் ஒன்று விற்றால் உங்களுக்கு 20 ரூபாய். ஆயிரம் பிரதியும் விற்றுத் தீர்ந்தால் 20,000 ரூபாய். புது எழுத்தாளருக்கு ஆயிரம் பிரதி என்பது நல்ல விற்பனை, அதுவும் ஒரே வருடத்தில் நடந்துவிடாது, அந்த நாவலை எழுதவே இரண்டு வருடம் போயிருக்கும். ஆகவே புத்தகம் மட்டும் சோறு போடும் என்று நம்பி இறங்காதீர்கள். புத்தகம் உங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கும். அந்தப் பெயரும், எழுதி எழுதிப் பழகிய கையும் வேறு எழுத்து வேலைகளை இழுத்துக்கொண்டு வரும். மாத வருமானம் அங்கிருந்துதான்.

இது இன்று வந்த நிலைமை இல்லை. பாரதியார் 1904இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது அவருக்குக் கொடுக்கப்பட்ட முக்கியமான வேலை ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது. புதுமைப்பித்தன் தினமணியில் வேலை பார்த்தார். கல்கி விகடனில் ஆசிரியராக இருந்து, 1941இல் சொந்தப் பத்திரிகை தொடங்கினார். சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர், வண்ணதாசன் வங்கி ஊழியர், இமையம் பள்ளி ஆசிரியர், சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. அசோகமித்திரன் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் இருந்துவிட்டு அதற்கப்புறம்தான் முழுநேரமும் எழுத வந்தார், ஜெமினியில் பார்த்ததெல்லாம் பின்னால் அவர் எழுத்துக்குள் வந்தது. இவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகையினர் எழுத்தோடு சம்பந்தமே இல்லாத வேலையில் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதினார்கள். இன்னொரு வகையினர் எழுத்தின் பக்கத்து வேலைகளில் சம்பாதித்தார்கள். எழுத்தைத் தொழிலாக்க விரும்புகிறவர் இரண்டாவது வழியைத் திட்டமாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை முதல் வழியில் நின்றுகொண்டிருப்பதில் எந்த இழுக்கும் இல்லை.

கை பழகுவது

தினமும் ஒரே நேரம் என்று எல்லாரும் சொல்வார்கள், அது சரிதான், ஆனால் நேரத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது முடிப்பது. பாதியில் நிற்கும் நாவல் ஐந்து வைத்திருப்பவரைவிட, முடிந்த சிறுகதை ஐந்து வைத்திருப்பவருக்கு வேலை கிடைக்கும், ஏனென்றால் எழுத்துக்குப் பணம் தருகிறவர்கள் எல்லாரும் வாங்குவது முடிந்த பொருளைத்தான். அதனால் தொடக்கத்தில் 1,000 முதல் 1,500 சொற்களுக்குள் அடங்குகிறவற்றை எடுங்கள். ஒரு சிறுகதை, ஒரு ஊர்க் கட்டுரை, ஒரு மனிதரைப் பற்றிய சித்திரம், ஏதாவது ஒன்று. எழுதி, இரண்டு நாள் மூடி வைத்து, வாய்விட்டுப் படித்து, மூச்சு முட்டுகிற வாக்கியத்தை உடைத்து, முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

எதை எழுதுவது என்ற கேள்விக்கு கி. ராஜநாராயணனைப் பாருங்கள். இடைசெவல் கிராமத்து விவசாயி, பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை, முப்பது வயதுக்கு மேல்தான் எழுதவே வந்தார். ஆனால் கரிசல் காட்டு மக்களின் பேச்சு, சாப்பாடு, கதைகள், சொலவடைகள் எல்லாம் அவரிடம் இருந்தன. அந்தச் சொற்களைத் திரட்டி ஒரு வட்டார அகராதியே தொகுத்தார். பட்டப்படிப்பு இல்லாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. உங்களுக்கும் நெருங்கித் தெரிந்த உலகம் ஒன்று இருக்கும், அது தறிக்கூடமாக இருக்கலாம், மருந்துக்கடையாக இருக்கலாம், கோர்ட்டு வாசலாக இருக்கலாம். அதில் புழங்கும் சொற்களை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வைக்கத் தொடங்குங்கள், யார் எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார் என்பதோடு சேர்த்து.

தெரியாத உலகத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றால் அங்கே போக வேண்டும். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதுவதற்கு முன் அங்கே நேரில் போய் அந்த மக்களிடம் பேசித் தெரிந்துகொண்டார். களத்துக்குப் போய் எழுதுவதையே தன் வழியாக வைத்துக்கொண்டவர் அவர். 1973இல் தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தது, தமிழில் அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு எழுதும் பெண்களுக்கு அவர் வாழ்க்கையைப் படிக்கச் சொல்வேன்.

வீட்டில் இடமோ அமைதியோ இல்லாதவர்கள் நூலகத்தைப் பயன்படுத்துங்கள். சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இல் திறந்தது, மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023இல் வந்தது. இரண்டும் பெரிய நூலகங்கள். சுற்றிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார்கள், அதைப் பார்த்தாலே நமக்கும் வேலை ஓடும்.

தட்டச்சும் ஒற்றும்

இதைச் சின்ன விஷயம் என்று நினைத்து நிறையப் பேர் வாய்ப்பை இழக்கிறார்கள். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக மாற்றும் முறையில் பழகியிருந்தால் பரவாயில்லை, வேலை நடக்கும், ஆனால் நாள் முழுக்கத் தட்டச்சு செய்யப் போகிறவர் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்வது நல்லது. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் வலது கையில், தட்ட வேண்டிய விசைகளும் குறைவு. முதலில் சில வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் விரல் தானாகப் போகும். கோப்பு எப்போதும் யூனிகோடில் இருக்கட்டும். பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அனுப்பினால் வாங்குகிறவர் அதை மாற்றிப் பிழை திருத்தவே நேரம் செலவழிக்க வேண்டும், அடுத்த முறை உங்களைக் கூப்பிட யோசிப்பார்.

ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதத் தெரிந்தால் அதுவே ஒரு தொழில். "படித்துப் பார்த்தான்" என்பதில் ப் வரும், "வந்து போனான்" என்பதில் வராது. "எழுதிக் கொடுத்தாள்" என்பதில் க் விட்டுப்போனால் மெய்ப்பு பார்ப்பவர், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துபவர், கண்ணில் குத்தும். வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள் இரண்டையும் பள்ளி இலக்கணப் புத்தகத்திலிருந்தே கற்றுக்கொள்ளலாம். தினம் ஒரு விதி எடுத்து, அன்றைய செய்தித்தாளில் அந்த விதி எங்கெல்லாம் வருகிறது என்று பேனாவால் சுழித்துப் பாருங்கள். நன்றாக மெய்ப்பு பார்க்கிறவர்களுக்குப் பதிப்பகங்களில் எப்போதும் தேவை இருக்கிறது. கைப்பிரதி ஒவ்வொன்றையும் இவ்வளவு கிட்டத்தில் படிக்கும் வாய்ப்பு வேறு எந்த வேலையிலும் கிடைக்காது என்பதால், புதிதாக வருகிறவருக்கு நான் முதலில் சொல்லும் வேலை மெய்ப்புதான்.

பணம் வருகிற வேலைகள்

மொழிபெயர்ப்பு பெரிய வயல். பதிப்பகங்கள், தொண்டு நிறுவனங்கள், செயலி நடத்தும் கம்பெனிகள், மருத்துவமனைக் கையேடுகள், அரசுத் திட்ட அறிக்கைகள், ஓடிடி தளங்களுக்கான வசன வரிகள், டப்பிங் என்று தேவை பல பக்கமும் இருக்கிறது. இதில் ஒரு விஷயத்தை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்: ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது கூலியை ஆங்கில மூலத்தின் சொல் எண்ணிக்கைக்குத்தான் பேச வேண்டும். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் தமிழ்ப் பிரதியில் சொல் எண்ணிக்கை கணிசமாகக் குறையும். தமிழ்ச் சொல்லுக்குக் கணக்குப் பேசினால் அதே உழைப்புக்குக் குறைவான பணம் வரும்.

எவ்வளவு கேட்பது என்று தெரியவில்லையா? கடிகாரத்தை வைத்துக்கொண்டு உங்கள் வேகத்தை அளந்து பாருங்கள். திருத்தம் உட்பட மணிக்கு 300 சொல் செய்ய முடிகிறது, சொல்லுக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 300 ரூபாய். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் தரமாகச் செய்ய முடியாது. மாதத்தில் எத்தனை நாள் வேலை இருக்கும் என்று நிதானமாக மதிப்பிட்டுப் பெருக்கிப் பாருங்கள். உங்கள் வீட்டுச் செலவுக்குக் கட்டுப்படியாகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்திக் கொடுக்கச் சொல்லும் வேலைகளும் இப்போது நிறைய வருகின்றன. அவற்றுக்குக் குறைந்த கூலி பேசுவார்கள். ஒரு பக்கம் மாதிரிக்குத் திருத்திப் பார்த்து, எவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரிந்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள், மோசமான பிரதியைச் சரி செய்வதைவிட முதலிலிருந்து எழுதுவது சீக்கிரம் முடியும்.

சின்னத்திரை வசனம் வேறு மாதிரியான வேலை. கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று பிரித்துக் கொடுப்பார்கள். கதை விவாதத்தில் ஒன்லைன் (கதைச் சுருக்கம்) முடிவாகி, காட்சிகள் வரிசையாகி உங்கள் கைக்கு வரும்போது படப்பிடிப்பு வாசலில் நிற்கும், அன்றைக்கே எழுதித் தர வேண்டியிருக்கும். உடம்பும் நேரமும் நிறையக் கேட்கும் வேலை, ஆனால் மற்ற எழுத்து வேலைகளோடு ஒப்பிட்டால் தொடர்ந்து பணம் வரும், பாத்திரத்துக்குப் பாத்திரம் பேச்சை மாற்றி எழுதும் பழக்கம் இங்கே வருவது போல வேறெங்கும் வராது. உள்ளே நுழைய, ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவரிடம் உதவியாளராகச் சேருவதுதான் நடைமுறை வழி. கதையை வெளியே சொல்வதற்கு முன் சென்னையிலுள்ள தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினராகிப் பதிவு செய்துகொள்ளுங்கள். யாரிடம், எந்தத் தேதியில், எந்த வடிவத்தில் கதை சொன்னீர்கள் என்பதை ஒரு மின்னஞ்சலாவது அனுப்பிப் பதிந்து வையுங்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று, பிறருக்காக வாழ்க்கை வரலாறு எழுதுவது. ஓய்வு பெற்றவர்கள், தொழில் நடத்தியவர்கள், ஒரு பள்ளியையோ சங்கத்தையோ கட்டி எழுப்பியவர்கள் தங்கள் கதை புத்தகமாக வர வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள், எழுதத்தான் ஆள் இல்லை. பத்துப் பதினைந்து முறை உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து, வரிசைப்படுத்தி, அவர் குரலிலேயே எழுதித் தர வேண்டும். பெயர் யாருடையது வரும், எத்தனை முறை திருத்தம் செய்து தருவீர்கள், பணம் எந்தெந்தக் கட்டத்தில் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். விளம்பர வாசகம், கம்பெனி இணையதளம், யூடியூப் ஸ்கிரிப்ட் எல்லாமும் உண்டு, அவற்றுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, மாதிரிக்கு நான்கைந்து எழுதிக் கையில் வைத்திருந்தால் போதும். கல்லூரியில் படிப்பவராக இருந்தால் விகடனின் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள், அதில் பயின்று ஊடகத்துக்கு வந்தவர்கள் நிறைய.

இந்த வேலைகளை இரண்டாம் தரமாக நினைத்து அலட்சியமாகச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மருந்துக் கையேட்டின் ஒரு வாக்கியம் குழப்பமாக இருந்தால் யாரோ ஒருவர் மாத்திரையைத் தவறாகச் சாப்பிடுவார். சொந்தக் கதைக்குக் கொடுக்கிற கவனத்தை அதற்கும் கொடுங்கள். அதே சமயம் உங்கள் சொந்த எழுத்துக்கான நேரத்தைக் காசு வேலை தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தலை தெளிவாக இருக்கும் முதல் ஒரு மணி நேரம் சொந்த எழுத்துக்கு, மீதி நாள் மற்றதற்கு என்று வைத்துக்கொள்வது பலருக்கும் ஒத்து வருகிறது.

அச்சில் வருவது

பத்திரிகைக்கு அனுப்பும் முன் அதன் கடைசி மூன்று நான்கு இதழ்களை வாங்கிப் படியுங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் நாலு இடத்துக்கு அனுப்பாதீர்கள். முகநூலில் போட்டுவிட்டும் அனுப்பாதீர்கள், பெரும்பாலானவர்கள் எங்கும் வெளிவராத படைப்பைத்தான் கேட்கிறார்கள். சிற்றிதழ்களில் பெரும்பாலும் பணம் இருக்காது, ஒரு பிரதி வரும், ஆனால் பதிப்பாளர்களும் மற்ற எழுத்தாளர்களும் கூர்ந்து படிக்கிற இடம் அது. பிரதிலிபி போன்ற தளங்களில் தொடர்கதை எழுதி வாசகரைச் சேர்த்தவர்கள் இருக்கிறார்கள், தினமும் அத்தியாயம் தர முடிகிறவர்களுக்கு அது பொருந்தும். அமேசானின் கிண்டிலில் நீங்களே தமிழ் மின்நூல் வெளியிடலாம், செலவு கிடையாது. ராயல்டி 35 அல்லது 70 சதவீதம், இந்தியாவில் 70 வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற கிண்டில் திட்டத்தில் சேர்த்து, அதில் இருக்கும் வரை அதே மின்நூலை வேறெங்கும் விற்காமல் இருக்க வேண்டும்.

வயது 35க்குள் இருந்து புத்தகமும் வந்திருந்தால் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் அறிவிப்பைக் கவனியுங்கள். பரிசு 50,000 ரூபாய், அதைவிட அந்தப் பட்டியலில் பெயர் வருவதால் திறக்கும் கதவுகள் அதிகம்.

பணம் கொடுத்தால் புத்தகம் போடுகிறோம் என்று சொல்கிற பதிப்பகங்கள் உண்டு. அதில் தப்பு எதுவும் இல்லை, நீங்கள் அச்சுச் சேவை வாங்குகிறீர்கள் என்ற தெளிவு இருந்தால் போதும். எத்தனை பிரதி அடிக்கிறார்கள், எத்தனை உங்களுக்கு, மீதி யார் விற்பார், விற்ற கணக்கு எப்போது வரும், அச்சுக்குப் போன கோப்பு உங்களுக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். இன்று தேவைக்கு ஏற்ப நூறு பிரதி மட்டுமேகூட அடிக்க முடிகிறது என்பதால் வீடு நிறையப் புத்தகக் கட்டுகளை அடுக்கி வைக்கும் நிலை உங்களுக்கு வர வேண்டியதில்லை. நீங்களே வெளியிடுவதானால் புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் இந்தியாவில் இலவசம், அதற்கான மத்திய அரசு இணையதளத்தில் விண்ணப்பித்தால் கிடைக்கும். யாராவது அதற்குக் கட்டணம் என்று பட்டியலில் போட்டால் என்ன கட்டணம் என்று விசாரியுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதிய நொடியே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயம் இல்லை. உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. ஒப்பந்தத்தில் கால அளவு சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்தப் பகுதிக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் சில ஒப்பந்தங்களில் "நிரந்தரமாக, உலகம் முழுவதும், எல்லா வடிவங்களிலும்" என்று எழுதியிருப்பார்கள். அந்த வரியைப் பார்த்தால் நிதானியுங்கள். அச்சுக்கு மட்டும், மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்று மாற்றித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமை ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை, தனித்தனியாகப் பேசலாம். சினிமாவுக்குக் கதை, பாடல் எழுதுகிறவர்களுக்கு 2012இல் வந்த திருத்தம் முக்கியமானது: படம் திரையரங்கில் ஓடுவதைத் தவிர மற்ற வழிகளில் பயன்படும்போது வரும் ராயல்டியில் எழுதியவருக்குப் பங்கு உண்டு, அதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக முடியாது.

ஒப்பந்தம் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம், அண்ணே, அக்கா என்று பழகிய இடமாக இருந்தாலும் சரி. நல்ல பதிப்பாளர் தானே எடுத்துக் கொடுப்பார். ஒரு பக்க மின்னஞ்சலாவது இருக்கட்டும்.

வேலையை எப்போது விடுவது

எழுத்து வேலைகளுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, வரும் பணம் முழுவதையும் அதில் போடுங்கள். மாதம் மாதம் என்ன வந்தது என்று ஒரு வருடம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். சம்பளத்தைத் தொடாமல், அந்தக் கணக்கிலிருந்து மட்டும் வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் கட்ட முடிகிறதா? பணம் வராத மாதங்களும் சேர்ந்துதான் அந்த ஒரு வருடம். முடிகிறது என்றால், கூடவே ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பும் இருந்தால், வீட்டில் அந்த நோட்டைக் காட்டிப் பேசலாம். அம்மாவோ கணவரோ மனைவியோ கேட்ட கேள்விக்கு அந்தப் பக்கங்கள் பதில் சொல்லும். மருத்துவக் காப்பீட்டையும் வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

பெரிய வேலைக்குப் பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். நிறுவனங்கள் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு தருவார்கள், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்ப வாங்க முடியும். பில்லில் தேதி, வேலை விவரம், சொல் எண்ணிக்கை, பான் எண், வங்கி விவரம், எத்தனை நாளில் பணம் வர வேண்டும் என்பது எல்லாம் இருக்கட்டும். நாள் தாண்டினால் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், அதில் கூச்சம் வேண்டாம்.

புத்தகம் வெளியிடும் எண்ணம் இருப்பவர்களுக்கு ஒரு நாள்காட்டிக் குறிப்பு. தமிழ்ப் பதிப்புலகம், பதிப்பாளர்கள், புத்தக விற்பனையாளர்கள் சங்கமான பபாசி நடத்தும் ஜனவரிச் சென்னைப் புத்தகக் கண்காட்சியை வைத்துத்தான் சுழல்கிறது. அக்டோபருக்கு மேல் பதிப்பகங்களில் யாருக்கும் கைப்பிரதியை நிதானமாகப் படிக்க நேரம் இருக்காது, வடிவமைப்பவரும் மெய்ப்பு பார்ப்பவரும் ராப்பகலாக உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் பிரதியை ஜூலை, ஆகஸ்ட்டுக்குள் கொடுத்துவிடுங்கள். அதைத் தவறவிட்டால் அவசரப்பட்டு நவம்பரில் கொண்டுபோய்க் கொடுக்காமல், பொங்கல் முடிந்து அவர்கள் மூச்சுவிட்ட பிறகு பிப்ரவரியில் கொடுங்கள், நிதானமாகப் படிப்பார்கள்.